கொங்கு நாட்டில் பெண் பயணிகள்

கொங்கு நாட்டில் பெண் பயணிகள் உடை, போக்குவரத்து, வழிபாட்டிடம், தங்குமிடம் ஆகியவை தொடர்பாக எழுதப்படாத பல வழக்கங்களை எதிர்கொள்கின்றனர். கொங்கு நாடு என்பது கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் முதலிய மாவட்டங்களை உள்ளடக்கிய தமிழ்நாட்டின் மேற்குப் பகுதி ஆகும். இக்கட்டுரை சிறப்பாக ஈரோட்டையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றியது. இங்கு பயணி எனப்படுபவர் வெளிநாட்டிலிருந்து வரும் சுற்றுலாப் பயணி மட்டும் அல்லர். நாள்தோறும் பேருந்தில் ஆலைக்குச் செல்லும் தொழிலாளி, கல்லூரி மாணவி, சந்தைக்குத் துணி வாங்க வரும் வணிகர், நேர்த்திக்கடன் செலுத்த வரும் அடியார் ஆகியோரும் பயணிகளே.

உடை வழக்கமும் பாலியல் தொல்லையும் பெரும்பாலும் ஒரே பேச்சில் இணைத்துக் கூறப்படுகின்றன. உண்மையில் இவை இரண்டும் வேறு வேறானவை. உடை வழக்கம் ஓர் இடத்தில் விருந்தினராக ஏற்கப்படுவதற்கான மரபு ஆகும். தொல்லையோ சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் ஆகும். முன்னதைப் பின்பற்றினால் பின்னது நேராது என்ற கருத்துப் பரவலாக இருப்பினும், நடந்த நிகழ்வுகள் அதற்குச் சான்று கூறவில்லை.

பின்னணி

ஈரோடு காவிரியின் மேற்குக் கரையில், கோயம்புத்தூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. 1979 இல் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பெரியார் மாவட்டம் என அழைக்கப்பட்ட இது, 1996 இல் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மஞ்சள் வணிகத்துக்கும் நெசவுக்கும் பெயர் பெற்ற ஊர். சென்னிமலைப் போர்வை, பவானி சமுக்காளம் என்பன இதன் அருகே நெய்யப்படுபவை. ஊட்டி, கொடைக்கானல் போன்று சுற்றுலாவை நம்பி வாழும் ஊர் அன்று. ஆகவே, வெளியூர்ப் பெண் ஒருவர் தனியாகத் தெருவில் நடந்தால் ஊட்டியில் கண்டுகொள்ளாமல் விடப்படுவது போல இங்கு விடப்படுவதில்லை.

பெண்கள் பொது இடத்தில் இயங்குவது இப்பகுதிக்குப் புதியது அன்று. 1921 இல் ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் ஈ. வெ. இராமசாமியின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். 1930 இல் இங்கு நடைபெற்ற இரண்டாவது சுயமரியாதை மாநாடு பெண்ணுரிமை பற்றியும் பேசியது. பெண்கள் கூந்தலைக் குறைத்து, ஆண்களைப் போல எளிய உடை அணிய வேண்டும் என்று ஈ. வெ. இராமசாமி தொடர்ந்து பேசியும் எழுதியும் வந்தார். அவர் பிறந்த ஊரில் அவ்வறிவுரை பரவலாகப் பின்பற்றப்பட்டது எனக் கூற முடியாது.

ஈரோட்டுத் துணிச் சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை நடைபெறுவது. கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகியவற்றிலிருந்து சிறு வணிகர்கள் வருகின்றனர். அவர்களுள் பெண்களும் உண்டு. துணி மூட்டையுடன் நள்ளிரவில் ஒரு பெண் நிற்பது இச்சந்தையில் இயல்பான காட்சியாகும். அதே பெண் அடுத்த தெருவில் மூட்டையின்றி நின்றால், பார்க்கும் பார்வை வேறாகிவிடுகின்றது. இப்பகுதியில் ஒரு பெண் வெளியே நிற்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று எதிர்பார்க்கப்படுகின்றது என்பதை இது காட்டுகின்றது.

அன்றாட உடை

சேலை, சுடிதார், இளம்பெண்களிடையே தாவணி, அண்மைக் காலத்தில் லெக்கின்சுடன் நீண்ட மேற்சட்டை ஆகியவை வழக்கில் உள்ளன. சுடிதாருடன் ஷால் அணிவது பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுகின்றது. கோயம்புத்தூர் நகரின் கல்லூரிகளையும் கடைவீதிகளையும் சார்ந்த பகுதிகளில் ஜீன்சும் சட்டையும் இயல்பானவை. ஈரோட்டில் அவை குறைவு. கோபிசெட்டிபாளையம், அந்தியூர் போன்ற ஊர்களைத் தாண்டிய சிற்றூர்களில் மேலும் குறைவு.

வெளியூரார் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. இங்கு வழக்கம் என்பது உடல் எவ்வளவு மூடப்பட்டுள்ளது என்பதை மட்டும் பொறுத்தது அன்று. சேலை கட்டிய பெண்ணின் இடை தெரிவது யாருக்கும் உறுத்துவதில்லை. முழங்கால் தெரியும் பாவாடையோ கையில்லாத மேற்சட்டையோ உறுத்துகின்றது. முன் தலைமுறையைச் சேர்ந்த கொங்கு நாட்டு மூதாட்டிகள் பலர் ரவிக்கை இன்றிச் சேலை உடுத்தியவர்கள். அது அவர்கள் காலத்தில் கண்ணியமான உடையாகவே கருதப்பட்டது. இன்றும் தெருமுனைக் கடைக்குச் செல்லும் பெண்கள் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு செல்வதைக் காணலாம். வீட்டு உடையை வெளி உடையாக மாற்றுவது அந்தத் துண்டுதான். பயணிக்கும் இதுவே எளிய வழி: பையில் ஒரு ஷாலோ பருத்தித் துண்டோ இருந்தால் கோயில், ஆற்றங்கரை, பேருந்து ஆகிய மூன்று இடங்களுக்கும் அது உதவும். வெயிலுக்கும் ஆகும்.

2015 செப்டம்பரில் தமிழ் இதழ் ஒன்று, லெக்கின்சு அணிந்த பெண்களை அவர்கள் அறியாமல் எடுத்த படங்களுடன், அவ்வுடையைக் குறைகூறி முகப்புக் கட்டுரை வெளியிட்டது. சமூக வலைத்தளங்களில் பெண்கள் பலர் இதனைக் கண்டித்தனர். உடை தவறா, ஒப்புதலின்றிப் படம் எடுத்தது தவறா என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது. லெக்கின்சு பெருமளவில் தைக்கப்படும் ஊர்களுள் ஒன்று ஈரோட்டை அடுத்த திருப்பூர் என்பதும், அவற்றைத் தைப்போருள் பெரும் பகுதியினர் பெண்கள் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன.

விசாரிப்பும் தொல்லையும்

கொங்கு வட்டாரப் பேச்சில் மரியாதை விகுதியான ‘ங்க’ ஏறக்குறைய எல்லாச் சொல்லிலும் ஒட்டிவரும். முன்பின் அறியாத பெண்ணை ‘அம்மணி’, ‘அக்கா’, ‘கண்ணு’ என்று அழைப்பர். ‘எந்த ஊருங்க?’, ‘கூட ஆரும் வரலீங்களா?’, ‘கல்யாணம் ஆயிருச்சுங்களா?’ ஆகிய மூன்று வினாக்களும் பேருந்தில் அருகில் அமரும் மூதாட்டி முதல் தேநீர்க் கடைக்காரர் வரை பலராலும் கேட்கப்படுபவை. மேலை நாட்டுப் பயணிகளும், பெருநகரங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்களும் இவற்றைத் தனியுரிமையில் தலையிடுவதாக உணர்வதுண்டு. பெரும்பாலும் இவை விசாரிப்பு மட்டுமே. தனியாக வந்த பெண்ணை யார் பொறுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்வதற்கான வினாக்கள் எனலாம். விடை கிடைத்தவுடன் அம்மூதாட்டியே இறங்க வேண்டிய நிறுத்தத்தை நினைவூட்டுவார், இடம் பிடித்துத் தருவார், தேவைப்பட்டால் பின்னால் நிற்பவரைக் கடிந்தும் பேசுவார்.

விசாரிப்புக்கும் தொல்லைக்கும் உள்ள வேறுபாட்டைச் சில குறிகளால் அறியலாம். விசாரிப்புப் பலர் கேட்கும்படி நடைபெறும். தொல்லை தாழ்ந்த குரலில் நடைபெறும். விசாரிப்பவர் ஊரையும் குடும்பத்தையும் கேட்பார். தொல்லை தருபவர் தங்கும் விடுதியையும் கைப்பேசி எண்ணையும் கேட்பார். விசாரிப்பு விடை பெற்றதும் முடிந்துவிடும். தொல்லை இறங்கிய பின்னரும் பின்தொடரும். வெளிநாட்டுப் பெண்களிடம் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கேட்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. குடும்பத்துடன் வருபவர் கேட்பதும், இளைஞர் கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டு கேட்பதும் ஒன்றல்ல. ‘வேண்டாங்க’ என்ற ஒரு சொல் போதும். சிரித்துக்கொண்டு மறுப்பதைவிட, சிரிக்காமல் மறுப்பது இங்கு தெளிவாகப் புரிந்துகொள்ளப்படுகின்றது.

உறவுச் சொற்களும் ஒரு கருவியாகப் பயன்படுகின்றன. நெருக்கி நிற்பவரை ‘தள்ளி நில்லுங்ணா’ என்று உரக்கக் கூறுவது உள்ளூர்ப் பெண்களின் வழக்கம். ‘அண்ணா’ என்று அழைத்தவுடன் சுற்றியுள்ளோர் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். அழைக்கப்பட்டவர் அண்ணனாக நடந்துகொள்ளவேண்டிய நிலைக்கு ஆளாவார். அவர் அவ்வாறு நடக்கவில்லையெனில், அடுத்த சொல்லில் மரியாதை விகுதி இராது. ‘ங்க’ விடுபடுவதே இப்பகுதியில் கடுமையான எச்சரிக்கை ஆகும்.

கண்காணிப்பு

விரும்பத்தகாத கவனிப்பு பாலியல் நோக்குடையதாக மட்டுமே இருப்பதில்லை. ஒரு பெண் எந்த ஆணுடன் வந்துள்ளார், அவர் என்ன உறவு, எந்தச் சாதி என்பதைக் கவனிக்கும் கண்களும் உள்ளன. 2015 சூன் மாதம் ஈரோட்டுக்கு அருகில், நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில், உடன் படித்த தோழியுடன் பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அப்பெண் வேறு சாதியினர். இளைஞரின் உடல் ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள பள்ளிபாளையம் அருகே தொடர்வண்டிப் பாதையில் கிடந்தது. கோகுல்ராஜ் கொலை வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில் கோயிலின் கண்காணிப்புப் படக்கருவிப் பதிவுகள் முக்கியச் சான்றாக அமைந்தன. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுள் 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

இங்கு இருவரும் செய்தது கோயிலில் அமர்ந்து பேசியது மட்டுமே. வெளிநாட்டு இணையர்கள் இத்தகைய கண்காணிப்புக்குப் பெரும்பாலும் ஆளாவதில்லை. உள்ளூர்ப் பெண்ணுக்கோ உடையைக் காட்டிலும் இதுவே பெரும் அச்சமாக உள்ளது. பூங்கா, அணைக்கட்டு, கோயில் மலைப்படி ஆகிய இடங்களில் ‘யாருங்க இவுரு?’ என்று கேட்கும் உரிமை தனி மனிதர் எவருக்கும் சட்டப்படி இல்லை.

கோயில்களில் உடை

2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைச் சேர்ந்த தனி நீதிபதி ஒருவர், தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு உடை விதி ஒன்றை வகுத்து ஆணையிட்டார். அதன்படி பெண்கள் சேலை, தாவணி அல்லது மேலாடையுடன் கூடிய சுடிதார் அணிய வேண்டும். ஆண்கள் மேல்துண்டுடன் வேட்டி அல்லது பைஜாமா, அல்லது முறையான கால்சட்டையும் சட்டையும் அணிய வேண்டும். இந்து சமய அறநிலையத் துறையின் கோயில்களில் 2016 சனவரி 1 முதல் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. ஜீன்சு, லெக்கின்சு, லுங்கி அணிந்து வந்த பலர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். அதே மாதத்தில் இவ்வாணை மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது. ஆகவே மாநிலம் முழுமைக்குமான உடை விதி இன்று இல்லை. அந்தந்தக் கோயிலின் மரபே பின்பற்றப்படுகின்றது. அப்போது வைக்கப்பட்ட அறிவிப்புப் பலகைகளின் நினைவு மட்டும் சிலரிடம் சட்டமாகவே நிலைத்துவிட்டது.

பவானி சங்கமேசுவரர் கோயில், கொடுமுடி மகுடேசுவரர் கோயில், பேரூர் பட்டீசுவரர் கோயில், மருதமலை முருகன் கோயில் ஆகியவற்றில் தோளும் முழங்காலும் மூடிய எந்த உடையும் பொதுவாக ஏற்கப்படுகின்றது. காலணியை வெளியே விட வேண்டும். பள்ளிவாசலிலும் தர்காவிலும் தலையை மூட ஷால் தேவைப்படும். சில தர்காக்களில் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்.

திருவிழாக் காலம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரி மாரியம்மன் கோயிலில் பங்குனி மாதம் நடைபெறும் குண்டம் திருவிழாவில் பெண்களும் பெருந்திரளாகத் தீ மிதிக்கின்றனர். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் அதே மாதத்தில் கம்பம் நடப்பட்டு, பெண்கள் நாள்தோறும் கம்பத்துக்கு மஞ்சள் நீர் ஊற்றுவர். இறுதி நாளில் கம்பம் பிடுங்கப்பட்டு ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படும்போது, ஊரார் ஒருவர் மீது ஒருவர் மஞ்சள் நீர் தெளித்துக்கொள்வர். அன்று ஈரோட்டுத் தெருவில் நடப்பவர் நனையாமல் வீடு திரும்புவது அரிது. வெளிர் நிற மெல்லிய துணி நனைந்தால் உடலோடு ஒட்டும் என்பதால் உள்ளூர்ப் பெண்கள் அன்று அடர் நிறத்தில் கனத்த பருத்தி உடையையே தேர்வர். நீர் தெளிப்பது விழாவின் பகுதி. நீர் தெளிக்கும் சாக்கில் கை வைப்பது விழாவின் பகுதி அன்று. திருவிழா நடைபெறும் இடத்தையும் தொல்லை தடைச் சட்டம் பெயர் சுட்டிக் குறிப்பிட்டுள்ளது.

ஆற்றங்கரையும் அணைக்கட்டும்

பவானி கூடுதுறை, கொடுமுடி, கோபிசெட்டிபாளையம் அருகேயுள்ள கொடிவேரி அணைக்கட்டு ஆகியன நீராடும் இடங்களாகும். ஆடிப்பெருக்கன்று கூடுதுறையில் பெருங்கூட்டம் கூடும். பெண்கள் சேலை அல்லது சுடிதாருடனேயே நீராடுவர். சிற்றூர்ப் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பதும் உண்டு. நீச்சலுடை இவ்விடங்களில் வழக்கில் இல்லை. அதனை அணிவோர் தடுக்கப்படாவிடினும் கூட்டத்தின் பார்வைக்கு ஆளாவர். உடை மாற்றும் அறை சில இடங்களிலேயே உண்டு. அறை இல்லாத இடங்களில் இருவர் சேலையைத் திரைபோலப் பிடிக்க மூன்றாமவர் உடை மாற்றுவார். தனியாக வந்த பயணி அருகிலுள்ள பெண்களிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்காமல் பிடிப்பர்.

கைப்பேசியில் படக்கருவி வந்த பின்னர் இவ்விடங்களின் இயல்பு மாறிவிட்டது. முன்னர் பார்த்தவர் பார்த்ததோடு போயிற்று. இப்போது படம் எங்கெங்கோ போகின்றது. தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில், உடை மாற்றும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77 ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும்.

பேருந்து

கொங்கு நாட்டுப் பெண்களின் பயணம் என்பது பெரும்பாலும் பேருந்துப் பயணமே. 2021 மே முதல் தமிழ்நாடு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். விடியல் பயணம் எனப்படும் இத்திட்டம் தனியார் பேருந்துகளுக்குப் பொருந்தாது. ஈரோடு, கோயம்புத்தூர் பகுதிகளில் தனியார் நகரப் பேருந்துகள் மிகுதி. ஆகவே ஒரே நிறுத்தத்தில் காலியான தனியார் பேருந்தை விட்டுவிட்டு, நெரிசலான அரசுப் பேருந்துக்காகப் பெண்கள் காத்திருப்பதைக் காணலாம். நெரிசலே தொல்லைக்கு வாய்ப்பளிக்கின்றது. நாள்தோறும் மிச்சமாகும் கட்டணத்துக்கும் நெரிசலின் தொல்லைக்கும் இடையே அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியுள்ளது.

வழக்கத்தில் பெண்கள் முன்படி வழியாக ஏறி முன்பகுதியிலும், ஆண்கள் பின்பகுதியிலும் நிற்பர். கூட்டம் மிகும்போது இப்பிரிவு கலைந்துவிடும். பெண்கள் தமக்குள் கைமாற்றிவரும் உத்திகள் பல: கைப்பையை முதுகுப்புறமாக அன்றிப் பக்கவாட்டில் அணைத்துக்கொள்ளுதல், கம்பியைப் பிடிக்கும்போது முழங்கையை வெளிப்புறமாக வைத்தல், நடத்துநர் நிற்கும் இடத்தை ஒட்டி நிற்றல், இருக்கையில் உள்ள பெண்ணிடம் பையைக் கொடுத்துவிட்டு அவருடைய கால்பக்கம் நகர்தல். சேலை ஊக்கு தமிழ்நாட்டுப் பேருந்துகளில் நீண்ட காலமாகவே ஒரு தற்காப்புக் கருவி. தாய்மார் மகளுக்கு முதன்முதலாகத் தனியாகப் பேருந்தேறும் நாளில் ஓர் ஊக்கையும் கொடுத்தனுப்புவதுண்டு.

1998 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேருந்து பற்றி அதிகம் அறியப்படாத ஒரு விதி உள்ளது. பேருந்தில் தொல்லைக்கு ஆளான பெண் முறையிட்டால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச்சென்று தகவல் தரக் கடமைப்பட்டவர்கள். 2022 ஆகத்தில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளும் திருத்தப்பட்டன. பெண் பயணியை முறைத்துப் பார்த்தல், சீழ்க்கை அடித்தல், கண்ணடித்தல், பாட்டுப் பாடிச் சீண்டுதல், கைப்பேசியில் படம் எடுத்தல் முதலியன அதில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டன. அவ்வாறு நடப்பவரை இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ நடத்துநருக்குப் பொறுப்பு அளிக்கப்பட்டது. ஏறி இறங்க உதவுவதாகக் கூறி நடத்துநரே பெண்களைத் தொடுவதும் அவ்விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது.

நடைமுறையில் ஒரு பெண்ணின் முறையீட்டுக்காக நிறைந்த பேருந்தைத் திருப்புவது எளிதன்று. ஆலைக்கு நேரமாகிவிட்டது என்று உடன் பயணிப்போரே முணுமுணுப்பர். ஆயினும் ‘வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க’ என்று கூறும் உரிமை தனக்குச் சட்டப்படி உண்டு என்பதை அறிந்திருப்பதே பல வேளைகளில் தொல்லை தருபவரை அடுத்த நிறுத்தத்தில் இறங்கச் செய்துவிடும்.

தொடர்வண்டி

ஈரோடு சந்திப்பு சோலார்பேட்டை–சொரனூர் தடத்தில் உள்ள முக்கிய நிலையம். தொடர்வண்டிகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதை 1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 58 ஆம் பிரிவு கட்டாயமாக்குகின்றது. அவ்விடத்தில் நுழையும் ஆணுக்கு 162 ஆம் பிரிவு தண்டம் விதிக்கின்றது.

2025 பெப்ரவரியில், கோயம்புத்தூர்–திருப்பதி விரைவு வண்டியின் பெண்கள் பெட்டியில் சென்ற கருவுற்ற பெண் ஒருவர், அத்துமீற முயன்றவரை எதிர்த்ததால் ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிடப்பட்டார். அவர் திருப்பூரில் வாழ்ந்து, தாய்வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தவர். அவர் உயிர் தப்பினார், கரு இறந்தது. அதே ஆண்டு சூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பெண்கள் பெட்டியில் உடன் வந்தோர் வழியில் இறங்கிவிட்ட பின்னர் அவர் தனித்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பெட்டி காலியாகும் நிலையில், கூட்டம் உள்ள பெட்டிக்கு அடுத்த நிலையத்தில் மாறுவதே பலரும் பின்பற்றும் முறை. வண்டியில் உதவிக்கு 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

தங்குமிடம்

கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வணிக நிமித்தம் பெண்கள் தனியாகத் தங்குவது வழக்கமாகிவிட்டது. சிறு ஊர்களின் தங்கும் விடுதிகளில் தனியாக வரும் பெண்ணுக்கு ‘அறை இல்லை’ என்று கூறுவது இன்னும் உள்ளது. இதற்குச் சட்ட அடிப்படை எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசின் பணிபுரியும் மகளிர் விடுதிகளான தோழி விடுதிகள் பல நகரங்களில் உள்ளன. அவற்றில் நாள் கணக்கிலும் தங்கலாம்.

சட்டம்

1998 சூலையில் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர், தானியங்கி மூவுருளியில் வந்த ஆண்கள் செய்த தொல்லையால் கீழே விழுந்து தலையில் காயமுற்று இறந்தார். இதன் விளைவாக அதே மாதத்தில் அவசரச் சட்டமும், பின்னர் தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டமும் பிறந்தன. ‘ஈவ் டீசிங்’ என்ற சொல் குற்றத்தை விளையாட்டாக்கிக் காட்டுகின்றது என்ற குறை கூறப்பட்டு வந்தது. பின்னர் 2002 இல் சட்டத்தின் பெயர் பெண்களைத் துன்புறுத்துதல் தடைச் சட்டம் என மாற்றப்பட்டது. செய்தித்தாள்கள் இதனைப் பெண் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றும் எழுதுகின்றன. கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், சாலை, தொடர்வண்டி நிலையம், திரையரங்கு, பூங்கா, கடற்கரை முதலிய பொது இடங்களில் பெண்ணுக்கு அச்சமோ வெட்கமோ மனவுளைச்சலோ விளைவிக்கும் ஒழுக்கமற்ற செயல் இதன்கீழ்க் குற்றம். பெண் என்ன உடை அணிந்திருந்தார் என்பது இவ்வரையறையில் இடம்பெறவில்லை. 2025 சனவரியில் சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தம், மின்னணு வழியான தொல்லையையும் சேர்த்துத் தண்டனையைக் கூட்டியது.

தென்காசியில் 1999 இல் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்த காவலர் ஒருவரின் பணிநீக்க வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. குற்ற வழக்கில் முறையிட்டவர்களே பிறழ்சாட்சிகளாக மாறியதால் அவர் விடுவிக்கப்பட்டிருந்தார். 2012 நவம்பர் 30 அன்று வழங்கிய தீர்ப்பில் உச்சநீதிமன்றம் பணிநீக்கத்தை உறுதி செய்தது. பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், கோயில் முதலிய இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலரை நிறுத்தவும், கண்காணிப்புப் படக்கருவி பொருத்தவும் எல்லா மாநிலங்களுக்கும் அது வழிகாட்டியது.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பெண்ணின் மாண்பைக் குலைக்கும் நோக்குடன் தாக்குதல் (74), பாலியல் துன்புறுத்தல் (75), பின்தொடர்தல் (78), சொல்லாலும் சைகையாலும் இழிவுபடுத்தல் (79) ஆகியன தனித்தனிக் குற்றங்கள். நிகழ்ந்த இடம் எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையீடு அளிக்கலாம். ஈரோட்டில் நடந்ததைக் கோயம்புத்தூரில் இறங்கிய பின்னர் பதிவு செய்யலாம் என்பதால், இது பயணிகளுக்கு மிகவும் பயனுள்ளது. அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தமிழ்நாட்டில் 1992 முதல் உள்ளன. மகளிர் உதவி எண் 181, அவசர உதவி எண் 112 ஆகும்.

சட்டம் இருப்பினும் முறையீடு குறைவாக வருவதற்குப் பெயர் வெளியாகும் அச்சமே முதன்மைக் காரணமாகக் கூறப்படுகின்றது. கொங்கு நாட்டில் இவ்வச்சத்துக்கு அடிப்படை உண்டு. 2019 இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், முறையிட்ட மாணவியின் பெயரைக் காவல்துறை அலுவலர் செய்தியாளர்களிடம் வெளியிட்டார்; அரசாணையிலும் பெயர் இடம்பெற்றது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வழக்கில் முதலில் ஒருவரே முறையிட, பின்னர் மேலும் சில பெண்கள் சாட்சியம் அளித்தனர். 2025 மே 13 அன்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது.

அறிவுரைகள் பற்றிய கருத்து வேறுபாடு

வெளிநாட்டுப் பயண வழிகாட்டி நூல்கள் பலவும் இந்தியாவுக்குச் செல்லும் பெண்களுக்கு உடை பற்றியே முதலில் அறிவுரை கூறுகின்றன. உள்ளூர் உடையில் செல்வது பேச்சையும் முறைப்பையும் குறைக்கின்றது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. கோயிலிலும் வீட்டிலும் அது விருந்தோம்பலை எளிதாக்குகின்றது. ஆனால் பேருந்தில் தொல்லைக்கு ஆளாவோருள் இரட்டைச் சடையும் சீருடையும் அணிந்த பள்ளி மாணவியரும், சேலை கட்டிய ஆலைத் தொழிலாளரும் அடங்குவர். அவர்கள் அணிந்திருப்பது வழக்கம் கேட்கும் உடையேதான். மேலும், உடை அறிவுரை பெண்ணுக்கு மட்டுமே கூறப்படுகின்றது. வேட்டி கட்டியவரைச் சென்னையில் ஒரு மன்றம் உள்ளே விடவில்லை என்றபோது, ஆணின் உடையுரிமையைக் காக்கச் சட்டப்பேரவை 2014 இல் தனிச் சட்டமே இயற்றியது.

ஆகவே அண்மைக் காலத்தில் பெண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் உடை பின்னுக்குச் சென்று, கடைசிப் பேருந்து எப்போது, எந்த நிறுத்தத்தில் விளக்கு எரிகின்றது, எங்கே கழிப்பறை திறந்திருக்கின்றது போன்ற செய்திகள் முன்னுக்கு வருகின்றன. ஈரோடு மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து தொடர்வண்டி நிலையத்துக்கு இரவில் செல்வோர் நடந்து செல்வதைவிட, நிலையத்துக்குள்ளேயே நின்று நகரப் பேருந்தில் ஏறுவதை உள்ளூர்ப் பெண்கள் பரிந்துரைக்கின்றனர்.